அங்கோரா முயல் முதல் பின்னிய துண்டு வரை: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

அங்கோரா முயலின் ரோமம் மாதத்துக்கு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் வளரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறோம். அப்படியென்றால், இன்று உங்கள் கையில் இருக்கும் இழையின் நுனி மூன்று மாதத்துக்கு முன் வளர்ந்தது. அடி போன வாரம் வளர்ந்தது. நடுவில் ஒரு வாரம் முயல் சரியாகச் சாப்பிடாமல் கிடந்திருந்தால் அந்த வாரமும் இழைக்குள் இருக்கும். நூற்கும்போது அந்த இடத்தில்தான் அறும். அதனால் தக்ளியில் (கையால் சுழற்றி நூல் நூற்கும் கதிரில்) வரும் பிரச்சினைக்குத் தக்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி கூண்டில் இருக்கிறது.

நான் கூண்டிலிருந்து தொடங்கி மேசைக்கு வருகிறேன். உங்களுக்கு என்ன தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

புழுக்கை சிறுத்துவிட்டது, மணி கோத்த மாதிரி முடியில் தொங்குகிறது

நல்ல புழுக்கை கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, ஒன்றுக்கொன்று ஒரே மாதிரி இருக்கும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். மரத்தூள் போல உதிர்ந்து, உள்ளே புல்லின் நார் தெரிய வேண்டும். நாற்றம் இருக்காது. இதைத் தினமும் காலையில் செய்யுங்கள், அரை நிமிட வேலை.

புழுக்கை சிறிதாக, கறுப்பாக, கெட்டியாக வந்தால் குடல் மெதுவாகிவிட்டது என்று பொருள். இரண்டு மூன்று புழுக்கை ரோமத்தில் கோத்துக்கொண்டு வந்தால் முயல் நிறைய ரோமம் விழுங்குகிறது. இது இன்னும் நல்ல கட்டம்தான், ஏனென்றால் ரோமம் வெளியே வந்துகொண்டிருக்கிறது. கூண்டுக்கு அடியில் உள்ள தட்டில் புழுக்கையே இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும்.

முயல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. ரோமம் வயிற்றுக்குள் போகாமல் தடுக்க முடியாது. பூனை கக்கிவிடும், முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதைத் தள்ளிக்கொண்டு போவது உலர்புல்லின் நார். நார் குறைந்து, தண்ணீரும் குறைந்தால் குடலின் அசைவு தளர்ந்துவிடும். அப்போதுதான் ரோமமும் தீவனமும் சேர்ந்து களிமண் உருண்டை மாதிரி இறுகுகின்றன. அதாவது ரோமம் அடைத்ததால் குடல் நின்றது என்பதைவிட, குடல் தளர்ந்ததால் ரோமம் அடைத்தது என்பதே பெரும்பாலும் சரி. இதைப் புரிந்துகொண்டால் வைத்தியத்தின் திசையும் மாறும்.

செய்ய வேண்டியது இது. அன்றைக்குக் குச்சித் தீவனத்தை (சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த கடைத் தீவனத்தை) நிறுத்திவிடுங்கள். உலர்புல்லை மலைபோல் போடுங்கள். பசும்புல்லை நன்றாகக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொடுங்கள். குழாய்ப் புட்டியில் நாக்கால் தட்டித் தட்டிக் குடிப்பதைவிடக் கிண்ணத்தில் வைத்தால் பல முயல்கள் அதிகமாகக் குடிக்கின்றன, இரண்டையும் வையுங்கள். கூண்டைத் திறந்து ஓடவிடுங்கள், ஓடினால் குடலும் அசையும். ரோமம் நீளமாக இருந்தால், முயல் தேறியதும் முதல் வேலையாக வெட்டி எடுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு வாரம் விட்டால் நீளம் கூடுமே என்று பார்க்காதீர்கள்.

அன்னாசி, பப்பாளிச் சாறு கொடுத்தால் ரோமம் கரையும் என்று பலர் சொல்வார்கள். ரோமம் கெரட்டின் என்ற புரதம். அந்தப் பழங்களில் உள்ள நொதிகள் அதைக் கரைப்பதில்லை. சாற்றின் தண்ணீர் கொஞ்சம் உதவலாம். ஆனால் அதன் சர்க்கரை குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் குலைத்துவிடும். நான் கொடுப்பதில்லை.

பன்னிரண்டு மணி நேரமாக ஒன்றும் சாப்பிடவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் வீட்டு வைத்தியத்துக்கு நேரம் கிடையாது. முயலைப் பார்த்துப் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் அன்றே போங்கள். வயிறு மத்தளம் மாதிரி விறைத்திருக்கிறது, காது சில்லென்று இருக்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள். அப்போது வாயில் கட்டாயமாக எதையும் ஊட்டாதீர்கள். உண்மையான அடைப்பாக இருந்தால் ஊட்டுவது வயிற்றை இன்னும் வீங்கவைக்கும். முயலின் இயல்பான உடல்வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ்; 38-க்குக் கீழே இறங்குவது ஆபத்து. மருத்துவரிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: கொடுக்கும் ஆன்டிபயாடிக் முயலுக்கு ஏற்றதுதானா என்று. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகைகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் குலைந்து உயிரே போய்விடலாம்.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் பெண் முயல், பஞ்சு என்று பெயர். ஒரு காலையில் தட்டில் பதினோரு புழுக்கைதான் கிடந்தது, ஒவ்வொன்றும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. நான்கு புழுக்கை ஒரே முடியில் தொங்கின. அவள் மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தாள், கண் பாதி மூடியிருந்தது. பசும்புல்லை மூக்கருகே நீட்டினால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அன்று மதியத்துக்குள் மருத்துவரிடம் கொண்டுபோனதால் பிழைத்தாள். திரும்பிப் பார்த்தால் காரணம் தெளிவாகவே தெரிந்தது: கடைசியாக ரோமம் எடுத்து 110 நாள் ஆகியிருந்தது, அந்த வாரம் உலர்புல் தீர்ந்துபோய்க் குச்சித் தீவனத்தைக் கூட்டிக் கொடுத்திருந்தேன். அதற்கப்புறம் வாரத்தில் ஒருநாள் எல்லா முயலுக்கும் உலர்புல்லும் தண்ணீரும் மட்டும்தான்.

சாப்பிட ஆசையாக வருகிறது, வாயில் எடுத்ததும் கீழே போட்டுவிடுகிறது

பல். முன்பற்கள் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். மேலும் கீழும் சரியாக உரசினால்தான் அளவோடு நிற்கும். உதட்டை விலக்கிப் பாருங்கள்; கடைவாய்ப் பல்லைப் பார்க்க மருத்துவர் வேண்டும். தாடை ஓரம் ஈரமாகவே இருந்து ரோமம் ஒட்டிக்கிடந்தாலும் பல்லைச் சந்தேகியுங்கள். நகவெட்டியால் பல்லை நறுக்காதீர்கள், நெடுக வெடித்துவிடும்.

பின்பக்கம் ரோமத்தில் அப்பிக்கொண்டிருக்கிறது

இரண்டு விஷயங்கள் இதில் குழம்பிப்போகின்றன. திராட்சைக் கொத்து மாதிரி, பளபளப்பாக, வாடையோடு இருந்தால் அது மென்புழுக்கை. முயல் அதைப் பின்புறத்திலிருந்தே வாயால் எடுத்துத் தின்றுவிட வேண்டும். அதில் உயிர்ச்சத்துகள் இருக்கின்றன. அது மீந்துபோய் அப்பிக்கொள்கிறது என்றால் தீவனச் சத்து அதிகம், நார் குறைவு, அல்லது முயல் குண்டாகிவிட்டதால் குனிய முடியவில்லை. குச்சித் தீவனத்தைக் குறையுங்கள். பின்பக்க ரோமத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அந்த இடத்து ரோமத்துக்கு ஆசைப்பட வேண்டாம், அது எதற்கும் உதவாது.

தண்ணீராகவே போனால் அது கழிச்சல். குட்டியாக இருந்தால் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வரும் நோயாக இருக்கலாம். சில மணி நேரத்தில் உடம்பு வற்றிவிடும். அன்றே மருத்துவர்.

எதுவாக இருந்தாலும் ஈரமும் அழுக்கும் உள்ள ரோமத்தில் ஈ முட்டையிடும். ஒரே நாளில் புழு பொரித்துத் தோலைத் தின்னத் தொடங்கும். அங்கோராவில் ரோமம் மூடியிருப்பதால் வெளியே தெரியாது. வெயில் காலத்தில் தினம் இரண்டு வேளை வாலைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

காது சூடாக இருக்கிறது, வேகவேகமாக மூச்சு வாங்குகிறது

முயலுக்கு வியர்க்காது. வெப்பத்தை வெளியேற்றப் பெரும்பாலும் காதுதான் வழி. உடம்பு முழுக்கக் கம்பளி போர்த்திய முயலுக்கு 28 டிகிரியிலேயே சங்கடம் தொடங்கிவிடும், 30-ஐத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும். மின்விசிறி மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். நமக்குக் காற்று வியர்வையை உலர்த்துவதால் குளிர்கிறது; வியர்க்காத உடம்புக்கு அந்தப் பலன் இல்லை. காற்றே குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அல்லது தொடும் பொருள் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். புட்டியில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். முயல் தானாகவே அதன்மேல் சாய்ந்துகொள்ளும். தரை ஓடு ஒன்றைக் கூண்டில் போடுங்கள். காதை ஈரத்துணியால் துடையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தண்ணீரில் முக்கவும் வேண்டாம். வெயில் காலம் தொடங்குமுன் ஒரு அறுவடை முடிந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ரோமம் சடை விழுகிறது

சடை விழும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே, முன்கால் அக்குள், வயிறு, தொடையின் உள்பக்கம். முதுகில் சடை இல்லையே என்று திருப்திப்பட்டுவிட்டால் அடியில் ஃபெல்ட் (இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிய கம்பளித் துணி) பாய் மாதிரி ஒன்று உருவாகிக்கொண்டிருக்கும்.

தாடைக்குக் கீழே மட்டும் என்றால் தண்ணீர்க் கிண்ணம் காரணம். வாய் குறுகிய, கனமான கிண்ணமாக மாற்றுங்கள். குட்டி ரோமம் போய்ப் பெரிய ரோமம் வரும் வயதில் எல்லா இடத்திலும் சடை விழும், அதற்குப் பொறுமையாக வாரிவிடுவதைத் தவிர வழியில்லை. வளர்ந்த முயலில், நேற்றுப் பிரித்த இடத்தில் இன்று மறுபடி சடை என்றால் ரோமம் முற்றிவிட்டது. ஆங்கில, பிரெஞ்சு அங்கோரா வகைகள் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ரோமம் கழற்றும். கழன்ற முடி நிற்கும் முடியோடு பின்னிக்கொள்கிறது. விரலால் மெல்ல இழுத்தால் எதிர்ப்பில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது சடைப் பிரச்சினையே அல்ல, அறுவடைக் காலம். ஜெர்மன் அங்கோரா அப்படிக் கழற்றாது. அதை இழுக்கக்கூடாது, வெட்டத்தான் வேண்டும்.

சடையைப் பிரிக்க முயலைக் குளிப்பாட்டாதீர்கள். ஈரம் பட்ட அங்கோரா இன்னும் இறுகும், முயலும் பயத்தில் நடுங்கிப்போகும். நுனியிலிருந்து விரலால் பிரித்துக்கொண்டே அடிக்குப் போங்கள். பிரியவில்லையா, சடைக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே வெட்டுங்கள். சடையைத் தூக்கிப் பிடித்து வெட்டுவதுதான் பெரிய தவறு. முயலின் தோல் மெல்லிசு. சடையோடு கூடாரம் மாதிரி எழும்பி வரும், கத்தரி அதையும் சேர்த்து வெட்டிவிடும். பெண் முயலின் வயிற்றில் ஒவ்வொரு காம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதை விரலால் மூடிக்கொண்டே பக்கத்தில் வெட்டுங்கள். எத்தனை வருஷப் பழக்கம் இருந்தாலும் இந்த ஒன்றில் அவசரப்படாதீர்கள்.

வாரம் ஒருமுறை காற்றூதியால், சூடில்லாத காற்றை ரோமத்துக்குள் அடித்தால் சடைக்கு வேலையே இருக்காது. தூசியும் பறந்துபோகும். சீப்பைவிட இதில் ரோமம் குறைவாகவே இழக்கிறோம்.

சொறிகிறது, பொடுகு உதிர்கிறது, காதை உதறுகிறது

பிடரியிலும் முதுகின் பின்பகுதியிலும் வெள்ளைப் பொடுகு, உற்றுப் பார்த்தால் அது நகர்கிற மாதிரி தெரிகிறது என்றால் ரோம உண்ணி. காதுக்குள் பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு என்றால் காது உண்ணி. இரண்டுக்கும் மருத்துவர் எடைக்கேற்ப மருந்து கொடுப்பார். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அடியில் புண்ணாக இருக்கும். மருந்து வேலை செய்ததும் தானே உதிரும். ஒரு முயலுக்கு வந்தால் எல்லா முயலுக்கும் வைத்தியம். நாய்க்கு வாங்கிய ஃபிப்ரோனில் மருந்து மிச்சம் இருக்கிறதே என்று முயலுக்குப் போட்டுவிடாதீர்கள், அது முயலுக்கு விஷம்.

தன் ரோமத்தைத் தானே பிடுங்குகிறது

சினையாக இருந்தால் 31-ஆம் நாள் குட்டி போடும். அதை ஒட்டிய நாட்களில் கூட்டுக்காக ரோமம் பிடுங்குவது இயல்பு. பெட்டியை வைத்துவிடுங்கள். இணைசேராத பெண் முயல் பிடுங்கினால் பொய்ச்சினை. இரண்டரை வாரத்தில் அடங்கிவிடும். பக்கத்து முயலின் ரோமத்தை மென்று தின்கிறது என்றால் நாருக்கு ஏங்குகிறது. உலர்புல்லைக் கூட்டுங்கள்.

சரி, கூண்டு முடிந்தது. இனி மேசை.

வெட்டிய ரோமத்தில் பொடிப்பொடியாகத் துண்டுகள்

முதல் வெட்டு தோலுக்கு ஒட்டி விழாமல் நடுவில் விழுந்து, பின்பு அதைச் சமன் செய்ய இன்னொரு வெட்டு வெட்டியிருக்கிறீர்கள். அந்த இரண்டாம் வெட்டில் வருவதெல்லாம் ஒரு சென்டிமீட்டர் பொடி. நூலில் அது கட்டிகட்டியாக நிற்கும், உடுத்தும்போது உதிரும். முதல் வெட்டையே அடியில் வெட்டுங்கள். மேடுபள்ளம் தெரிந்தால் தெரியட்டும். முயல் கண்ணாடி பார்க்கப் போவதில்லை, நமக்கு இழைதான் முக்கியம்.

வெட்டும்போதே பிரித்துவிடுங்கள். முதுகும் விலாவும் முதலில். 6 சென்டிமீட்டருக்கு மேல், சுத்தமாக இருப்பது ஒரு பெட்டியில். அதைவிடக் குட்டையானது இன்னொன்றில். கழுத்து, வயிறு மூன்றாவது. சடையும் கறை பட்டதும் கடைசி. அதுவும் பொம்மைக்குள் அடைக்க, ஃபெல்ட் செய்ய ஆகும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அப்புறம் பிரிக்கலாம் என்றால் அது நடக்காது. வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள், இந்த இழை மூச்சோடு போகும்.

எடுத்து வைத்த ரோமம் பைக்குள்ளேயே இறுகிவிட்டது

பிளாஸ்டிக் பையில் அழுத்தி அடைத்திருப்பீர்கள். அழுத்தம், ஈரம், அசைவு மூன்றும் சேர்ந்தால் அங்கோரா ஃபெல்ட் ஆகிவிடும். அட்டைப்பெட்டியில், தாள் விரித்து, ஒரு அடுக்கு ரோமம், மறுபடி தாள் என்று வையுங்கள். வெட்டுப்பட்ட முனைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். பெட்டியை ஆட்டாதீர்கள்.

பொடிப்பொடியாகச் சிலந்திவலை மாதிரி தெரிந்தால் துணிப்பூச்சி. ரோமத்தை இறுக மூடிய பையில் போட்டு உறைபெட்டியில், மைனஸ் 18 டிகிரியில், ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே திறக்க வேண்டாம், அறையின் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

ரோமம் காற்றில் பறக்கிறது, கையிலும் மூக்கிலும் ஒட்டுகிறது

ஆட்டுக் கம்பளியில் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கும். அங்கோராவில் அது இல்லை. அதனால்தான் நூற்கும் முன் கழுவத் தேவையில்லை. அதனால்தான் வறண்ட காற்றில் நிலைமின்சாரம் ஏறிப் பறக்கவும் செய்கிறது. முந்தின இரவே ரோமத்தின்மேல் மெல்லிய நீர்ப்புகை அடித்து மூடி வைத்துவிடுங்கள், காலையில் பணிவாக இருக்கும். எண்ணெய் தடவ வேண்டாம், பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். வெள்ளை ரோமத்துக்கு மடியில் கறுப்புத் துணி விரித்துக்கொண்டால் இழை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

நூற்கும்போது நூல் அறுந்து அறுந்து போகிறது

அறுந்த நூலைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி சேர்க்காதீர்கள். முதலில் அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காரணம் அதிலேயே இருக்கும்.

முனை வால் மாதிரி நீண்டு, மெலிந்து முடிகிறதா? இழை அறவில்லை, ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிப் பிரிந்திருக்கிறது. முறுக்கு போதவில்லை. அங்கோரா இழையின் தடிமன் 12 முதல் 14 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெரினோ ஆட்டுக் கம்பளியே பெரும்பாலும் 18-க்கு மேல்தான். இவ்வளவு மெல்லிய இழையில் ஆட்டுக் கம்பளியின் சுருளும் இல்லை, மேற்பரப்பும் வழுவழுப்பு. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. பிடித்து வைப்பது முறுக்கு மட்டும்தான். ஆட்டுக் கம்பளி நூற்றுப் பழகிய கைக்கு 'போதும்' என்று தோன்றும் இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள். தக்ளி கனமாக இருந்தாலும் இதே தான் நடக்கும். முறுக்கு ஏறுமுன் எடை இழுத்துவிடுகிறது. இருபது கிராம் அளவில் லேசான தக்ளி எடுங்கள், அல்லது கிண்ணத்தில் நிறுத்திச் சுற்றும் தக்ளி. ராட்டையில் என்றால் நூலை உள்ளே இழுக்கும் வேகத்தைக் குறையுங்கள்.

ஒரு இடம் தடிப்பு, அடுத்த இடம் மெலிவு, மெலிவில் அறுகிறதா? முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்கே ஓடும். தடித்த இடம் முறுக்கில்லாமல் கிடக்கும், மெலிந்த இடம் கம்பியாகி முறியும். ரோமத்தை ஒரு கைப்பிடிக்கு மேல் எடுக்காதீர்கள். இடது கை இறுக்கிப் பிடித்திருந்தால் தளர்த்துங்கள். ஈரமான குருவிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் போதும். உள்ளங்கை வியர்த்து ரோமம் ஒட்டினால் ஒரு துணித்துண்டுக்குள் வைத்துப் பிடியுங்கள்.

முனை வெட்டினாற்போல் மொட்டையாக இருக்கிறதா? அப்போது பிழை உங்கள் கையில் இல்லை, இழையில். ஒரு சிறு கொத்தை இரண்டு முனையிலும் பிடித்துக் காதருகே வைத்துச் சட்டென்று சுண்டுங்கள். நல்ல இழை 'டங்' என்று ஒரே ஒலி தரும். பலவீனமான இழை சரசரவென்று முறியும். முறிந்தால் எந்த இடத்தில் என்று அளந்து பாருங்கள். ஐந்தாறு கொத்தில் சோதியுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் முறிந்தால், வெட்டிய முனையிலிருந்து அந்த இடம் வரை அளந்து 2.5 சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

மேலே சொன்ன பஞ்சுவின் ரோமத்தை அவள் தேறி மூன்று வாரம் கழித்து எடுத்தேன். நீளமான, வெள்ளை வெளேரென்ற ரோமம். நூற்க உட்கார்ந்தால் பத்து விரற்கடைக்கு ஒருமுறை அறுந்தது. கொத்தை எடுத்துச் சுண்டினேன், சரசரத்தது. அளவுகோலை வைத்தேன். வெட்டிய முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த கொத்தும் அதே இடம். நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணினால் அவள் மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்த அதே வாரத்தில் வந்து நின்றது. நெடுநேரம் அந்தக் கொத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முயலுக்கும் ஒரு அட்டை வைத்திருக்கிறேன்: தீவனம் மாற்றிய நாள், உடம்பு சரியில்லாத நாள், கடும் வெயில் அடித்த வாரம்.

இப்படிப்பட்ட ரோமத்தை வீணாக்க வேண்டாம். முறியும் இடத்தில் வெட்டி இரண்டாக்கி, குட்டை இழையாக ஆட்டுக் கம்பளியோடு கலந்து வாருங்கள். அல்லது ஃபெல்ட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நூல் கம்பி மாதிரி விறைப்பாக இருக்கிறது

போதும் என்ற இடத்தைத் தாண்டச் சொன்னேன், நிறையவே தாண்டிவிட்டீர்கள். இரண்டு இழையைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குங்கள். உபரி முறுக்கு கழன்று நூல் மிருதுவாகும். இரட்டை நூலை வளையமாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். தன்னைத் தானே சுற்றிக்கொள்ளாமல் அமைதியாகத் தொங்கினால் சமநிலை வந்துவிட்டது.

அங்கோரா என்றால் பனிமூட்டம் மாதிரி இருக்க வேண்டுமே, நூல் வழுக்கையாக இருக்கிறது. பின்னினால் உதிரவும் செய்கிறது

இரண்டும் ஒரே பிழை: நூலைக் கழுவி முடிக்கவில்லை. நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கை பொறுக்கும் சுடுநீரில் ஒரு சொட்டு சோப்புவிட்டு முக்குங்கள். அங்கோரா காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். மெல்ல அழுத்தி முழுக நனையவிடுங்கள். அப்புறம் எடுத்துக் குளிர்ந்த நீரில் முக்குங்கள், மறுபடி சுடுநீர், மறுபடி குளிர்நீர். பிழிந்து, துண்டில் ஒற்றி, சிட்டத்தை ஒரு முனையில் பிடித்து மேசை விளிம்பில் நான்கைந்து முறை ஓங்கி அறையுங்கள். இவ்வளவு மென்மையான பொருளை அறைவதா என்று முதல் தடவை கை வராது. ஆனால் இந்தச் சிறு அதிர்ச்சியில் இழைகள் கொஞ்சம் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், உதிர்வது குறையும். காய்ந்ததும் ஒரு வாரத்துக்குள் மேலே அந்தப் பூம்பனி எழும்பி வரும்.

இவ்வளவுக்கும் பிறகு உதிர்ந்தால் குட்டை இழை நிறையக் கலந்திருக்கிறது. அடுத்த முறை பிரிக்கும்போது கறாராக இருங்கள். எப்படி இருந்தாலும் கைக்குழந்தைக்கு முழு அங்கோராவில் எதையும் பின்னாதீர்கள். உதிரும் இழை வாயிலும் மூக்கிலும் போகும்.

பின்னியது தொங்கிப்போகிறது, விளிம்பு இழுபட்டு மீளவில்லை

சுருள் இல்லாத இழைக்கு மீள்தன்மை கிடையாது. எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் மணிக்கட்டு, இடுப்பு, கழுத்து விளிம்பு தளர்ந்துவிடும். இதற்கு ஊசியை மாற்றிப் பயனில்லை, நூலை மாற்றுங்கள். ஆட்டுக் கம்பளி எழுபது பங்கு, அங்கோரா முப்பது பங்கு கலந்தால் மிருதுவும் இருக்கும், பிடிப்பும் இருக்கும். கையுறையின் மணிக்கட்டை மட்டும் ஆட்டுக் கம்பளியிலும் மீதியை அங்கோராவிலும் பின்னலாம். முழு அங்கோராவுக்குச் சரியான இடம் கழுத்துத் துண்டு, சால்வை, தொப்பியின் உள்மடிப்பு. இழைக்குள் காற்றறைகள் இருப்பதால் லேசாகவும் நல்ல கதகதப்பாகவும் இருக்கும். முழு ஸ்வெட்டர் பின்னினால் போட்டுக்கொள்ளவே முடியாத அளவுக்குச் சூடு. பெரிய ஊசியில், இடைவெளி விட்டுப் பின்னுங்கள். பூம்பனி எழும்பி அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும்.

துவைத்ததும் சுருங்கிவிட்டது

மீளாது. சுடுநீரும் கசக்கலும் சேர்ந்துவிட்டன. வெட்டிப் பைக்கோ செருப்பின் உள்தட்டுக்கோ ஃபெல்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இனி வெதுவெதுப்பான நீர், அலசுவதற்கும் அதே சூட்டில் நீர், கசக்காமல் அழுத்தி எடுத்து, படுக்கவைத்து உலர்த்துவது.

சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது, வெளிறித் தெரிகிறது

திட்டு என்றால் உள்ளே நனையவில்லை. சாயத்துக்கு முந்தின இரவே நீரில் ஊறப்போடுங்கள். வினிகர் சேர்த்த அமிலச் சாயத்தில் போட்டுச் சூட்டை மெல்ல ஏற்றுங்கள். கொதிக்க விடாமல் 85 டிகிரி வாக்கில் நிறுத்தி, பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். கிளறாதீர்கள். வெளிறித் தெரிவது பிழை அல்ல. இழைக்குள் இருக்கும் காற்றறைகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. அதே சாயம் ஆட்டுக் கம்பளியில் இன்னும் அழுத்தமாகத் தெரியும். அடர்நிறம் வேண்டுமென்றால் சாயத்தைக் கூட்டிப் போடுங்கள்.

போன முறையைவிட ரோமம் குறைந்துவிட்டது

ஒவ்வொரு அறுவடையையும் நிறுத்து முயலின் அட்டையில் எழுதினால்தான் இது தெரியவே தெரியும். நல்ல ஜெர்மன் அங்கோரா ஆண்டுக்கு ஒரு கிலோ வரை தரும், ஆங்கில வகை அதில் பாதிகூட வராது. ஆகவே வேறு வகையோடு ஒப்பிடாதீர்கள், அதே முயலின் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். வெயில் காலத்து அறுவடை குளிர்காலத்தைவிடக் குறைவாகவே இருக்கும். போன வருஷம் இதே பருவத்தைவிடவும் குறைந்திருந்தால் தீவனத்தைப் பாருங்கள்: ரோமம் வளர்க்கும் முயலுக்குக் குச்சித் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம் வேண்டும், அதிலும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள். ரோமம் அதைக் கொண்டுதான் உருவாகிறது. அதுவும் சரியாக இருந்தால் விரலை ரோமத்துக்குள் விட்டு முதுகெலும்பைத் தடவுங்கள். அங்கோரா மெலிந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். எலும்பு கூராகத் தட்டுப்பட்டால் பல்லைப் பாருங்கள், அப்புறம் தட்டில் புழுக்கையைப் பாருங்கள்.